அம்மை குத்த வந்தவர்களும் 'கல்வி விரும்பன்' எழுதிய கடிதமும்



வழக்கமாக ஒரு வேதபகுதியை எடுத்து அதன்மேல் சிந்திப்பது நம் வாராந்தர முறை. இவ்வாரம் அதைச் சற்று மாற்றி, நம் சொந்த மண்ணின் வரலாற்றில் ஒரு பகுதியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் நம் பகுதியில் சில வீடுகளின் கதவுகள் இன்றும் மூடியே இருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் சில, நம் சபையாருடைய வீடுகள். "ஐயா, ஜெபம் போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைக் காட்டி, "இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் கடிந்து பேசி வாயடைப்பது எளிது. ஆனால் இத்தயக்கம் நேற்றுப் பிறந்ததன்று. அதற்கு இருநூறு ஆண்டு வயது. அதன் கதையை அறிந்த பிறகே பதில் சொல்வது நியாயமாக இருக்கும்.

பெரியம்மையைக் கண்ணால் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. எழுபது வயதைக் கடந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முகமெங்கும் குழிவிழுந்த அயலாரை, பார்வையிழந்த உறவினரை அவர்கள் நினைவுகூருவார்கள். வைசூரி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆயினும் ஊரார் அதனை 'அம்மை' என்றே அழைத்தார்கள். நோயை நோயென்று சொல்லாமல் தாயென்று சொன்ன சொல் அது. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கண்டுவிட்டால், "அம்மா வந்திருக்கிறாள்" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்நியர் உள்ளே வரமாட்டார்கள். தாளிக்கும் வாசனைகூட அவ்வீட்டில் எழாது. நோய் இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை வீடே ஒரு விரதத்தில் இருக்கும். கிறிஸ்தவ வீடுகளிலும் அந்த வேப்பிலை இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்தும் நல்ல அறிவும் அவ்வழக்கத்தினுள் அடங்கியிருந்தது.

தஞ்சாவூருக்குக் கிழக்கேயுள்ள புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலைப்பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. மராட்டிய மன்னர் துளஜாவின் மகள் நோயினால் கண்பார்வை இழந்து, அங்கே வேண்டிக்கொண்டபின் மீண்டும் பார்வை பெற்றாள் என்பது அக்கதை. அரண்மனை மதிலும் அம்மை நோயைத் தடுக்கவில்லை என்பதை இக்கதையில் கவனியுங்கள். அரசன் மகளுக்கும் உழவன் மகளுக்கும் ஒரே புகலிடந்தான் இருந்தது.

இந்நிலையில், 1796 மே 14 அன்று இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் ஏற்றினார். பிறகு அவனுக்குப் பெரியம்மை பற்றவில்லை. 1798இல் அவர் தம் நூலை வெளியிட்டார். ஐரோப்பாவெங்கும் செய்தி பரவியது. ஆனால் அந்த நீரை இந்தியாவுக்குக் கொண்டுவருவது எவ்வாறு? கப்பல் பயணத்தில் அது காய்ந்து கெட்டுப்போயிற்று. கடைசியில் வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா வழியாக மனிதர்களின் கைகளிலேயே அது பயணம் செய்தது. ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து மற்றொருவர் கைக்கு, எட்டு நாளைக்கு ஒருமுறை மாற்றி மாற்றி எடுத்துவந்தார்கள். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது முதன்முதலாகப் பலித்தது. இந்தியாவெங்கும் பரவிய அம்மைப்பால் அவ்வொரு குழந்தையின் கையிலிருந்து புறப்பட்டதே. அதே ஆண்டிலேயே அது சென்னைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து கப்பலில் சிறுவர்களின் கைவழியாகக் கல்கத்தாவுக்கும் போயிற்று. இத்தனை மருத்துவ வரலாறுகளிலும் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் ஒரு கல்வெட்டு வைத்ததாகத் தெரியவில்லை.

அன்பானவர்களே, 'அம்மைப்பால்' என்னும் அந்த அழகிய சொல்லுக்குள் ஒரு வேதனை இருக்கிறது. அடுத்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு அம்மை குத்த வேண்டுமானால், இந்தக் கிராமத்துப் பிள்ளையை எட்டாம் நாள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதன் கையிலுள்ள கொப்புளத்தைக் கீறி நீரெடுக்க வேண்டும். பிள்ளை அலறும், புண் சில வேளை சீழ்பிடிக்கும். எந்தத் தாய் இதற்கு மனமொப்புவாள்? ஆகவே அம்மை குத்துகிறவர்கள் பெரும்பாலும் மறுத்துப்பேச வழியற்ற ஏழைகளின், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளையே அதற்குப் பயன்படுத்தினார்கள். மேல்சாதியார் தங்கள் பிள்ளைகளின் உடலில் அந்த நீர் ஏறுவதைத் தீட்டென்று வெறுத்தார்கள். தாழ்த்தப்பட்டோரோ தங்கள் பிள்ளைகள் மட்டும் ஊருக்காகக் கீறப்படுவதைக் கண்டு அஞ்சினார்கள். ஒரே ஊசிக்கு இரண்டு சேரிகளிலும் இரண்டு வேறு காரணங்களால் கதவடைப்பு. முதல் காரணத்தை நாம் நியாயப்படுத்த முடியாது. இரண்டாவதை எவர் குறைகூற முடியும்?

இவற்றோடு வதந்திகளும் சேர்ந்துகொண்டன. கும்பினியார் பிள்ளைகளுக்கு அடையாளக்குறி இடுகிறார்கள், பின்னாளில் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பேச்சு இந்தியாவின் பல பகுதிகளிலும் உலவியது. அக்காலத்தை நினைத்துப் பாருங்கள். 1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று; சரபோஜி மன்னருக்குக் கோட்டையும் ஓய்வூதியமும் மிஞ்சின. 1806இல் வேலூர்ச் சிப்பாய்கள், தலைப்பாகையையும் நெற்றிக்குறியையும் மாற்றச்சொன்ன கட்டளையால் மனங்கொதித்து எழுந்தார்கள். நெற்றியிலிருந்த குறியை அழிக்கச்சொன்ன அதே அரசு, கையில் ஒரு குறியை இட வந்தால் ஐயம் எழாதா?

ஐயத்தைப் போக்க இரண்டு வழிகள் முயலப்பட்டன. முதலாவது, மைசூரில் நடந்தது. 1805ஐ ஒட்டி தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மைசூர் அரசகுலப் பெண்கள் மூவரைத் தீட்டினார். வலப்பக்கத்தில் நிற்கும் இளம் அரசி தம் சேலையைச் சற்று விலக்கி, புயத்தைக் காட்டுவதுபோல் நிற்கிறார். அது அம்மை குத்திக்கொண்ட இடத்தைச் சுட்டும் சைகை என்றும், மக்கள் இதைக் கண்டு துணிவு பெற வேண்டுமென்றே ஓவியம் தீட்டப்பட்டது என்றும் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். அந்தப்புரத்துப் பெண் பிறர் காணப் புயத்தைக் காட்டி நிற்பது அக்காலத்தில் எத்தனை பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள். "நான் குத்திக்கொண்டேன், இதோ உயிரோடிருக்கிறேன்" என்று ஒருத்தி தன் உடலைக்கொண்டே சொன்ன சாட்சி அது.

இரண்டாவது வழிதான் இக்கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியது.

1819 ஜனவரி 12 அன்று 'மெட்ராஸ் கூரியர்' என்ற ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு கடிதம் வெளியாயிற்று. கடிதத்தின் கீழே 'கல்வி விரும்பன்' என்ற தமிழ்ப் புனைபெயர் இருந்தது. தன்வந்திரி அருளியதாகச் சொல்லப்படும் ஒரு பழைய வடமொழி நூலில், பசுவின் மடியிலுள்ள கொப்புள நீரை எடுத்து மனிதரின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஏற்றும் முறை கூறப்பட்டிருக்கிறது என்பதே கடிதத்தின் செய்தி. அதாவது, ஜென்னருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியர் இதனை அறிந்திருந்தனராம். செய்தி கடல் கடந்தது. ஐரோப்பிய மருத்துவ நூல்களிலெல்லாம் ஏறியது.

அப்படியொரு பழைய நூல் இல்லை. அம்மை குத்துவதை மக்கள் ஏற்கும்பொருட்டு அக்காலத்தில் யாரோ புனைந்தது அது. 1987இல் டொமினிக் வுஜாஸ்டிக் என்ற வடமொழி அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்து, பக்தியின் பெயரால் செய்த மோசடி என்ற பொருளில் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். அவர் உட்பட ஆய்வாளர்களின் ஐயம் செல்லும் திசையில் நிற்பவர் நாம் அறிந்த ஒருவரே: திருக்குறளுக்கு உரை எழுதியவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே எடுத்துக்காட்டியவரும், சென்னையில் கிணறுகள் வெட்டுவித்துத் தமிழ்ச் செய்யுளில் கல்வெட்டுப் பொறித்தவருமான கலெக்டர் எல்லிஸ் துரை. அம்மைப்பாலைப்பற்றி அவர் தமிழில் ஒரு புராணக்கதையை இயற்றினார் என்பது உறுதி. தேவியும் தன்வந்திரியும் உரையாடுகிறார்கள். பசு தரும் ஐந்து தூய பொருள்களோடு ஆறாவது கொடையாக இந்த அம்மைப்பாலும் சேர்க்கப்படுகிறது. வடமொழியில் அவர் இயற்றிய ஒரு பாடலைப் பழைய தாளில் எழுதி, கண்டெடுக்கப்பட்டதுபோல் காட்டியதாகவும் ஓர் ஆங்கிலக் குறிப்பு உண்டு. 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் அவர் காலமானார்.

எல்லிஸை நான் வெறுக்கவில்லை. அவர் தமிழை நேசித்தவர். பிள்ளைகள் சாகக்கூடாதென்று விரும்பியவர். ஆனால் மக்களோடு மெய்யைப் பேசி இசையவைக்க முடியாதென்று எண்ணி, அவர்களுடைய சாஸ்திரத்தின் குரலைக் கடன்வாங்கி அவர்களிடமே பேசிய செயலில் ஓர் அவமதிப்பு இருக்கிறது. விளைவையும் பாருங்கள். 1905இல் கிண்டியில் கிங் நிறுவனத்தின் கட்டடத் திறப்புவிழா. அந்நிறுவனம் அம்மைப்பால் தயாரிக்க 1899இல் தொடங்கப்பட்டது. மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த கர்னல் கிங்கின் பெயரைத் தாங்கியது. விழாவில் பேசிய ஆளுநர் ஆம்ப்தில் பிரபு, இந்தியர் முற்காலத்திலேயே அம்மை குத்தும் முறையை அறிந்திருக்கக்கூடும் என்று சொன்னார். கர்னல் கிங் தன்வந்திரியின் வாசகத்தைச் சான்றாகக் காட்டியதாகவும் கூறினார். இந்தியரை நம்பவைக்கப் புனைந்த பொய்யை, எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேய ஆளுநரே நம்பி மேடையில் உரைத்தார்! இன்றும் அது நம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பொய்யால் தஞ்சை நாட்டில் ஒரு கதவாவது திறந்ததாக எந்தப் பதிவையும் நான் கண்டதில்லை.

இங்கே வேறொருவரை நினைவுகூராமல் செல்ல என் மனம் ஒப்பவில்லை. அம்மைப்பால் இந்தியாவுக்கு வருமுன்னே இறந்துபோனவர் அவர். ஆயினும் இக்கதைக்கு உரியவர். நம் பூம்புகாருக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு ஐயர் இறங்கிய அதே ஊருக்கு 1750இல் வந்து சேர்ந்தார் சுவார்ட்ஸ் ஐயர். பின்பு தஞ்சாவூருக்குப் போய், இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளராகவும் ஆசிரியராகவும் விளங்கி, 1798இல் மறைந்தார். ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே வயல்களில் நெல் இருந்தது. ஆனால் உழவர்கள் நெல்லையும் மாடுகளையும் கோட்டைக்குக் கொண்டுவர மறுத்தார்கள், ஏனென்றால் முன்பு கொண்டுவந்ததற்கு எவரும் பணம் கொடுக்கவில்லை. அரசனின் வாக்கும் செல்லவில்லை, கும்பினியின் வாக்கும் செல்லவில்லை. சுவார்ட்ஸ் தாமே பணத்துக்குப் பொறுப்பேற்பதாக எழுதியனுப்பினார். ஓரிரு நாள்களில் ஆயிரம் மாடுகளுக்குமேல் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் பணம் கொடுக்கப்பட்டது. பின்னர் வரிக்கொடுமையால் நாட்டைவிட்டு ஓடிப்போன குடிகளையும் அவர் சொல்லே திரும்ப அழைத்தது. ஏறத்தாழ 7,000 பேர் வந்து மீண்டும் ஏர் பூட்டினார்கள்.

அவர்கள் மதம் மாறியதால் நம்பவில்லை. அவர் முன்பு சொன்னதைச் செய்திருந்தார், அதனால் நம்பினார்கள். கலம் கலமாக நெல் அளக்கிறவர்களுக்கு யாருடைய அளவு சரியென்று தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். கையிலிருந்து கைக்கு மாற்றுவது நின்று, கன்றின் உடலில் வளர்த்த அம்மைப்பால் வந்தது. சென்னை மாகாணத்தில் 1884இல் சட்டம் இயற்றி, நகரங்களில் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கினார்கள். அபராதத்துக்கு அஞ்சிச் சிலர் கைநீட்டினார்கள். சிலர் பிள்ளையை உறவினர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மகாத்மா காந்தியும் அம்மை குத்துவதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமானது இராஜாஜியின் எதிர்ப்பு. 1948இல் இந்தியாவில் காசநோய்க்கு எதிராக பி.சி.ஜி. தடுப்பூசி தொடங்கப்பட்டது. கிண்டியிலேயே அதனைத் தயாரித்தார்கள். 1955இல், ஆளுநர் தலைவராகவும் சென்னை முதலமைச்சராகவும் இருந்து ஓய்ந்த இராஜாஜி, தாம் ஏன் அதனை எதிர்க்கிறார் என்று ஒரு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமான இலட்சக்கணக்கான பிள்ளைகளின் உடலில் ஏற்றுவதற்குமுன், அதன் பயனும் பாதுகாப்பும் ஐயமற நிறுவப்பட்டனவா என்பது அவருடைய கேள்வி. அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எவரும் தள்ளிவிட முடியவில்லை. பின்பு 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2,60,000 பேரைக்கொண்டு உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. சுமார் பத்தாண்டுகளில் வெளிவந்த முடிவு எல்லாரையும் திகைக்கவைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. ஆனால் சிறு குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் நிலைபெற்றது. ஆகவே இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. இராஜாஜியின் கேள்விகள் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு. அதைக் கண்டறிந்தது மேடைப்பேச்சன்று. செங்கல்பட்டு மக்கள் பொறுமையோடு கொடுத்த ஒத்துழைப்பு. இச்செய்தியை நம் பள்ளிப் பாடநூல்களில் ஏன் சேர்க்கவில்லையோ, அறியேன்.

பெரியம்மையோ, 1975 மே மாதத்தோடு இந்தியாவைவிட்டு நீங்கிற்று. 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதும் அது ஒழிந்ததாக அறிவித்தது. வீடுவீடாகப் படம்போட்ட அட்டையைக் காட்டி, "இப்படிக் கொப்புளம் எவருக்காவது உண்டா?" என்று கேட்டு நடந்த ஆயிரமாயிரம் ஊழியர்களின் கால்களே அதைச் செய்து முடித்தன.

கதை அத்துடன் முடியவில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே நான்கு பச்சிளங்குழந்தைகள் இறந்தன. நம் மாநிலம் முழுவதும் அதிர்ந்தது. அதன்பின் கிராமங்களுக்கே சென்று ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடும் முறைக்கு அரசு மாறியது. கருதியது பாதுகாப்பு; ஆனால் பேருந்துக்குக் காசும், ஒரு நாள் கூலியும் இழக்க வேண்டியிருந்த தாய்மார்கள் பின்தங்கினார்கள். தேசியக் குடும்பநல ஆய்வுகளின் கணக்கைப் பாருங்கள். எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005–06இல் 80.9 விழுக்காடு. 2015–16இல் 69.7. பத்தாண்டில் நாம் பின்னோக்கி நடந்திருக்கிறோம். இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. திருவள்ளூரின் நினைவும் அவற்றுள் ஒன்று என்றே எண்ணுகிறேன். அடுத்த ஆய்வில் 89.2 விழுக்காடாக அது உயர்ந்தது.

அந்த உயர்வுக்கு நடுவே 2017 பிப்ரவரியும் உண்டு. தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு உட்பட ஐந்து பகுதிகளில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள். தொடங்குமுன்பே வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன: மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுச் சதி, பள்ளியில் கேட்காமலே போட்டுவிடுவார்கள். கும்பினியார் காலத்து வதந்தியை நினைவூட்டுகிறதல்லவா? பெற்றோர் பலர் பிள்ளைகளை அந்நாளில் பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தின் காலத்தை நீட்டவேண்டியதாயிற்று. மருத்துவர்கள் தொலைக்காட்சியில் பேசினார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் மனத்தை மாற்றியவர் வகுப்பாசிரியரோ, பேறுகாலம் முதல் அவ்வீட்டைப் பார்த்துவரும் நர்ஸம்மாவோதான்.

கொரோனா நாள்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்கள் துணிவு பெற வேண்டுமென்று ஊடகங்களின் முன்பாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். மைசூர் அரசியின் புயத்தைப்போல் சாட்சியாக நின்றிருக்க வேண்டிய செயல், தலைகீழாயிற்று. அவரது இதயக் குழாயில் முன்பே அடைப்பு இருந்தது; மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு அறிவித்தது. ஆனால் அவ்வறிவிப்பு வந்தது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதங்களில் எத்தனை வீடுகளில் என்னென்ன பேசப்பட்டிருக்கும்! உண்மை தாமதமாக வந்தால், அது வருமுன்னே வேறொன்று அவ்விடத்தில் குடியேறிவிடுகிறது. ஆயினும் அதே ஆண்டு ஜூலையில் நம் அண்டை மாவட்டமான திருவாரூரின் காட்டூர், தகுதியுள்ள அனைவருக்கும் தடுப்பூசி போட்டு முடித்த ஊராக அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் நடந்த பெருமுகாமில் ஒரே நாளில் 28 இலட்சம் பேருக்குமேல் கைநீட்டினார்கள்.

இனி, "ஜெபம் போதாதா?" என்ற கேள்விக்கு வருகிறேன். தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தை எடுத்துக் காட்டி, கொள்ளைநோய் நம்மை அணுகாதென்று சொல்லும் சகோதரர்கள் உண்டு. அந்தச் சங்கீதத்தை நானும் இரவுகளில் சொல்லி ஜெபிக்கிறேன். ஆனால் அதே சங்கீதத்தை ஆண்டவரிடமே எடுத்துக்காட்டியவன் ஒருவன் இருந்தான் என்பதை மத்தேயு நான்காம் அதிகாரத்தில் வாசியுங்கள். ஆலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி அவன் கேட்டதும், ஆண்டவர் அதற்கு இசையாததும் நீங்கள் அறிந்ததே. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான், கர்த்தர் கேட்டருளினார், அப்படியிருந்தும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பருவின்மேல் பற்றுப்போடச் சொன்னான். ஜெபத்தைக் கேட்டவர் கர்த்தரானால், அந்த அத்திப்பழத்தைக் கொடுத்தவரும் அவரே.

காணொளியைக் காட்டிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: உங்கள் கேள்வி பாவமன்று. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் பழங்குடிச் சிறுமிகளுக்குப் போட்டபோது, விடுதிக் காப்பாளர்களே பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டார்கள். 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதனைக் கண்டித்தது. அங்கே இறந்த சிறுமிகளின் மரணம் ஊசியால் நேர்ந்ததன்று என்றே விசாரணை கண்டது. தடுப்பூசி நல்லதுதான், கேட்காமல் போட்ட முறைதான் தீயது. அம்மைப்பாலுக்காக எட்டாம் நாள் கீறப்பட்ட பிள்ளைகளின் வரிசையில் அந்தச் சிறுமிகளும் நிற்கிறார்கள். ஆகவே கேளுங்கள், என்ன ஊசி, எதற்கு, போட்டபின் என்ன நேரலாம், காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்று கேட்டபிறகு கைநீட்டுங்கள். கேட்டுவிட்டுப் பதிலையும் கேட்காமல் எழுந்துபோகாதீர்கள்.

தட்டம்மை, மணல்வாரி என்று நம் பாட்டிமார் சொல்லும் அந்நோய், இருமலில் காற்றோடு பரவுவது. முதல் தவணை ஒன்பது மாதம் நிரம்பியபின். இரண்டாம் தவணை பதினாறு முதல் இருபத்துநான்கு மாதங்களுக்குள். நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூற்றைந்து பேருக்கு இரு தவணையும் போட்டிருந்தால்தான் நோய் ஊரில் காலூன்றாது. நம் சபையில் இவ்வாண்டு ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்பது மாதம் நிரம்பாத அவர்களுக்கு ஊசி போட இயலாது. பக்கத்து இருக்கையில் இருமும் பிள்ளைக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதே அவர்களுக்குள்ள பாதுகாப்பு.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் நம் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் ஆலய வளாகத்தில் ஒரு மணி நேரம் இருக்க இசைந்திருக்கிறார்கள். ஊசிப்பெட்டி வராது, பேசுவதற்கு மட்டுமே வருகிறார்கள். திருவள்ளூரில் நடந்ததைப்பற்றிக் கேட்டாலும் முகஞ்சுளிக்காமல் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை, தொலைந்திருந்தால் பிறந்த தேதியை மட்டுமாவது, மறவாமல் எடுத்து வாருங்கள். பாட்டிமாரையும் அழைத்து வாருங்கள். பல வீடுகளில் கதவின் தாழ்ப்பாள் அவர்கள் கையில்தான் இருக்கிறது.